ஸ்டம்புக்கு முன்னால்

பேடு கட்டி முடித்து ரொம்ப நேரமாகிறது. இடது காலின் நடு வார் இறுக்குகிறது. அவிழ்த்துக் கொஞ்சம் தளர்த்தலாம், தளர்த்திக்கொண்டிருக்கும்போது விக்கெட் விழுந்துவிட்டால் என்ன செய்வது, வாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓட முடியுமா. விழாது. நிவேதா நன்றாகத்தான் நிற்கிறாள். நன்றாக நிற்கிறாளா? இப்போது வந்த பந்துக்கு மட்டையை வெளியே நீட்டித் துழாவினாள், பந்து உரசாமல் கீப்பரிடம் போனது. டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் வரிசையாகப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசி நாற்காலி என்னுடையது. எட்டு விக்கெட் போயாயிற்று. உள்ளே கேப்டன் பிருந்தாவும் நிவேதாவும். வெளியே பாக்கி நான் ஒருத்தி. பதினோராவது ஆள். பதினோராவதாக இறங்குகிறவள் எந்த அணியிலும் பந்து வீசுகிறவளாகத்தான் இருப்பாள், ஓடி ஓடி வீசிக் களைத்தவள், அவளிடம் யாரும் ரன் கேட்க மாட்டார்கள். நான் விக்கெட் கீப்பர். மாநில அணியின் கீப்பர் பதினோராவதாக இறங்குகிற அதிசயம் நம்மிடம்தான் இருக்கு எப்சி, டிக்கெட் போட்டு காட்டலாம் என்று பிருந்தா சிரிப்பாள். கிண்டல்தான். கிண்டல்தானே? இருபத்து மூன்று ரன் வேண்டும். ஆண்டவரே, நிவேதா அவுட் ஆகக் கூடாது. இப்படி ஜெபிக்கலாமா என்று தெரியவில்லை. இது அணிக்காகக் கேட்கிறதா, எனக்காகக் கேட்கிறதா? அணி ஜெயிக்க வேண்டும் என்று கேட்டால் அது சரியான ஜெபம். நான் உள்ளே போகாமல் இருக்க வேண்டும் என்று கேட்டால் அது வேறு. இரண்டுக்கும் வார்த்தை ஒன்றாகவே இருக்கிறது, நிவேதா அவுட் ஆகக் கூடாது. கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்தால் கொடுப்பாரா மாட்டாரா? போன சீசன் முழுக்க நான் எடுத்த ரன்னை ஒரே ஓவரில் பிருந்தா எடுத்துவிடுவாள். இதை யோசிக்கக் கூடாது. நிவேதா ஒரு ரன் ஓடிவிட்டாள். நான் கை தட்டுகிறேன், கிளவுஸ் போட்ட கை, சத்தமே வரவில்லை.

நேற்று சாப்பாட்டு வேளையில் தமயந்தி மேடம் சொன்னது. எங்கள் கோச். திட்ட வேண்டியிருந்தால் எல்லார் முன்னாலும் திட்டுவார், பாராட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டுவார், அது அவர் வழக்கம். என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார். காலையில் எதிர் அணியின் கீப்பரை நான் ஸ்டம்பிங் செய்து அவுட் ஆக்கியிருந்தேன். மிருணாள் என்று பெயர், மூன்றாவதாக இறங்குகிறவள், எழுபது ரன் தாண்டி அடித்து எங்களை அழவைத்துக்கொண்டிருந்தாள். நிவேதாவின் சுழல் பந்து காலுக்கு வெளியே போனது, மிருணாள் இறங்கி வந்து சுற்றினாள், அவள் உடம்பு பந்தை முழுக்க மறைத்துவிட்டது. எனக்குப் பந்து தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. கை இடது பக்கம் போனது, பந்து கைக்குள் வந்தது, பெயில்ஸ் கீழே கிடந்தது. மிருணாள் திரும்பி என் கிளவுஸைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஹிந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஹிந்தி தெரியாது. வசவோ என்று நினைத்தேன், ஆனால் போகும்போது தலையை ஆட்டிக்கொண்டே போனாள். மேடம் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "உன் கை மாதிரி ஒரு கையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல எப்சி. அதான் கஷ்டமா இருக்கு." உடனே அவர் போன் அடித்தது, பேசிக்கொண்டே போய்விட்டார். அதான் கஷ்டமா இருக்கு. என்ன கஷ்டம்? யாருக்குக் கஷ்டம்? நல்ல கை இருந்தால் சந்தோஷம் அல்லவா. ராத்திரி படுக்கையிலும் இதுதான், காலையில் பல் தேய்க்கும்போதும் இதுதான். உன் கையை விட முடியவில்லை, அதனால் உன்னை எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது, அதனால் ஒரு பேட்ஸ்மேன் குறைகிறது, அது கஷ்டம், அப்படியா? இல்லை, இப்படிப்பட்ட கையைப் போய் வெளியே உட்காரவைக்க வேண்டியிருக்கிறதே என்ற கஷ்டமா? முதல் அர்த்தம் என்றால் நான் இருக்கிறேன். இரண்டாவது அர்த்தம் என்றால் நான் இல்லை. மேடத்தின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். முகம் வரவில்லை, தட்டில் இருந்த தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும்தான் வருகிறது.

கை போகிறது, நான் போவதில்லை. இதை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. நாசரேத்தில் எங்கள் சித்தி வீட்டில் குழந்தையின் ஞானஸ்நான விருந்தன்று எல்லாரும் கட்டிலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள், நான் சுவரோரம் நின்று கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எனக்குப் பதிமூன்று வயதிருக்கும். அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தரையில் குப்புறக் கிடக்கிறேன், கட்டிலிலிருந்து உருண்ட குழந்தை என் இரண்டு உள்ளங்கையிலும் இருக்கிறது, அதற்கு அழவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கேசரிக் கிண்ணம் எங்கே போனதென்று தெரியாது. எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள், சித்தி அழுதாள், உபதேசியார் கர்த்தருடைய செயல் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஏனென்றால் என்னுடைய செயலாக அது இல்லை. பிடிப்போம் என்று நான் நினைக்கவே இல்லையே. மறுவாரம் அண்ணன் ஜெபசிங் என்னை காம்பவுண்டு சுவருக்கு முன்னால் நிறுத்தி ரப்பர் பந்தை எறிந்தான், கருங்கல் சுவரில் பட்டு அது எந்தப் பக்கம் வரும் என்று சுவருக்கே தெரியாது, வந்ததையெல்லாம் பிடித்தேன். அண்ணனுக்கு வெறி பிடித்துவிட்டது. அவன்தான் என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் மாவட்ட அணியில் சேர்த்துவிட்டான். அங்கே நான் அடிக்கவும் அடித்தேன், அதையும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் முதல் ஆளாக இறங்கியிருக்கிறேன். ஐம்பது அடித்திருக்கிறேன். அந்தப் பந்துகள் வந்து நின்று என்னை அடி என்று சொல்லும். அப்படியானால் அடிக்கத் தெரியாதவள் இல்லையே நான். மாநில அணிக்கு வந்த முதல் மாட்சில் முதல் பந்து வந்தது, அது வந்ததென்றே எனக்குத் தெரியவில்லை, பின்னால் ஸ்டம்பு விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு ஏதோ கண் கூசிவிட்டது என்று நினைத்தேன். மூன்று வருஷமாகக் கண் கூசிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அதே பந்துதானே. இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதே வேகம், அதே ஸ்விங். பின்னால் நிற்கும்போது பந்தின் தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுகூடத் தெரிகிறது. ஸ்டம்புக்கு முன்னால் வந்து நின்றால் இல்லை. தூரம்தான் காரணம், பின்னால் நிற்பவளுக்கு நேரம் கூட இருக்கிறது என்று பிருந்தா சொன்னாள். அப்படியானால் சுழல் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கிறேனே, அப்போது தூரம் எங்கே இருக்கிறது? பயம் என்று சொன்னார் ஒரு கோச். பயம் இல்லை சார். என் தாடையில் பந்து பட்டு மூன்று தையல் போட்டு அடுத்த நாளே நின்றிருக்கிறேன். இடது முழங்கையை உயர்த்து என்றார் அவர். அடுத்தவர் முழங்கையை மறந்துடு, காலை நகர்த்து என்றார். தமயந்தி மேடம் பவுலரோட மணிக்கட்டைப் பார் என்றார். அண்ணன் போனில் பந்தைப் பாரு, வேற ஒண்ணையும் பாக்காத என்றான். ஒருவர் மூச்சை விடச் சொன்னார், ஒருவர் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். எல்லாருமே நல்லதுக்குத்தான் சொன்னார்கள். பவுலர் ஓடிவர ஆரம்பித்ததும் எல்லாருமே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், முழங்கை, கால், மணிக்கட்டு, மூச்சு, யார் முதலில் சொன்னது, யார் சொன்னதைக் கேட்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து போய்விடுகிறது. கீப்பிங்குக்கு யாரும் எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தானா? அப்படியென்றால் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரையும் மறந்துவிட்டால் அடித்துவிடுவேனா? எப்படி மறப்பது? மறக்க வேண்டும் என்று நினைப்பதே இன்னொரு ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது. அம்மா நேற்று போனில் சொன்னாள், "ஏட்டி, ஒரு கட்டய வச்சு ஒரு பந்த அடிக்கதுக்கு என்ன இவ்வளவு யோசன? அங்க வரும், நீ இங்க அடி." அம்மா சொன்னதுதான் சரி. அம்மாவும் இப்போது அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். பிருந்தா நேராக ஒரு நான்கு அடித்தாள், எல்லாரும் எழுந்து கத்துகிறார்கள், நானும் எழுந்தேன், பேடு இரண்டும் முட்டிக்கொண்டது. இன்னும் பன்னிரண்டு. நான் போக வேண்டியிருக்காது. ஒருவேளை போக வேண்டியிருக்காது. அந்த நினைப்பு வந்ததும் சந்தோஷம் வருகிறது, சந்தோஷத்துக்குப் பின்னாலேயே ஏதோ ஒன்று இறங்குகிறது, போகாமலே ஜெயித்துவிட்டால் நான் யார், பேடு கட்டி வேடிக்கை பார்த்தவளா. அப்படியானால் போக ஆசையா எனக்கு? இல்லை. நிச்சயமாக இல்லை. சாத்தானே, அப்பாலே போ.

ஹர்ஷினி தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் இரண்டாவது கீப்பர். இந்த வருஷம்தான் அணிக்கு வந்திருக்கிறாள், கோயம்புத்தூர்ப் பெண், நெட் பயிற்சியில் அவள் அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் பக்கத்து நெட்டில் இருப்பவர்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். பந்து அவள் கிளவுஸில் மட்டும் ஒட்டாது. "அக்கா, குடிங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை. நகத்தைக் கடித்தாள். அப்புறம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த மாட்ச்ல நான் கீப் பண்றதை நினைச்சா இப்பவே கை நடுங்குதுங்க அக்கா" என்றாள். எனக்குக் கேட்டது. புரியவும் புரிந்தது. ஆனாலும் என் வாய் "எந்த மாட்ச்?" என்று கேட்டது. அவள் சட்டென்று திரும்பினாள். "மேடம் நேத்தே உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாங்களே. சொல்லலீங்களா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. பாவமாக இருந்தது. "ம், சொன்னாங்க. சாப்பிடும்போது சொன்னாங்க" என்றேன். பொய் இல்லை. சொல்லத்தான் செய்தார். நான்தான் ஒரு ராத்திரி முழுக்க அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது அர்த்தம். "உங்களுக்கு என் மேல கோவம் இல்லைங்களே?" என்றாள். "உன் மேல எதுக்கு?" "லெக் சைடு பந்து எனக்குத் தெரியவே மாட்டேங்குதுங்க அக்கா. பேட்ஸ்மேன் மறைச்சுட்டா எல்லாம் இருட்டாயிடுது. நீங்க எப்படிப் பார்க்கறீங்க?" நான் பார்ப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்கு என்ன உதவி. "உனக்கு அடிக்கும்போது பந்து தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுமே. பெருசா தெரியும்" என்றாள், வானத்தில் நிலா தெரியுமா என்று கேட்டதுபோல ஆச்சரியப்பட்டாள். எங்கள் இரண்டு பேரையும் பிசைந்து ஒரு ஆளாகச் செய்திருக்கலாம். கடவுளுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ. கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன். அழுகை வருகிறதா என்றும் பார்க்கிறேன். இடது காலின் வார் இறுக்குகிறது, அது மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. ஜெயித்தாலும் நான் இல்லை, தோற்றாலும் நான் இல்லை, அப்படியானால் நிவேதா அவுட் ஆகக் கூடாது என்று இன்னும் எதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்? பழக்கமா? குனிந்து வாரை அவிழ்த்தேன். அப்போது மைதானத்தில் அந்தச் சத்தம் கேட்டது. எதிர் அணி கத்துகிற சத்தம்.

நிவேதா போல்டு. "எப்சி!" என்று யாரோ கத்துகிறார்கள், "எப்சி, எந்திரி!" ஹர்ஷினி என் காலடியில் மண்டியிட்டு வாரை மாட்டிவிடுகிறாள், மாட்டும்போது அவள் கை நடுங்கவே இல்லை. தமயந்தி மேடம் படியருகில் நிற்கிறார். மூன்று ரன் போதும், பிருந்தாகிட்ட ஸ்டிரைக் குடு என்கிறார். என் கண்ணைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்கிறது. நிவேதா எதிரே வருகிறாள், மன்னிச்சுக்கோ என்கிறாள், அவள் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள், நான் என்ன சொன்னேன், பரவால்லட்டி என்று சொன்னேன் போல. புல் ரொம்பப் பச்சையாக இருக்கிறது. நேற்று இதே இடத்தில் இதே புல்லின் மேல் நடந்தபோது நான் இதை வீடு என்று நினைத்தேன். பிருந்தா ஓடிவந்து கிளவுஸால் என் கிளவுஸைக் குத்தினாள். "ரெண்டே பந்து. ரெண்டே பந்து நின்னுடு. அடிக்க வேணாம். அடுத்த ஓவர் நான் பாத்துக்கறேன்." "சரி." "கேக்குதா?" "கேக்குது." பந்து வீசப்போகிற உயரமான பெண் தூரத்தில் பந்தைத் தொடையில் தேய்க்கிறாள். எனக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி மிருணாள் குந்தி உட்காருகிறாள். அவள் கிளவுஸ் தட்டுகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த இடம் என்னுடையது என்று தோன்றியது, நான் தவறான பக்கத்தில் நிற்கிறேன், யாராவது வந்து மாற்றி நிறுத்துவார்கள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன்.

ஓடிவருகிறாள். முழங்கை. கால். மணிக்கட்டு. அங்க வரும், நீ இங்க அடி. ஏதோ ஒன்று ஆஃப் ஸ்டம்பை ஒட்டிப் போனது, நான் மட்டையை அசைக்கவே இல்லை, பின்னால் கிளவுஸில் அது விழுந்த சத்தம். எல்லாரும் ஐயோ என்றார்கள். நல்ல சத்தம் அது, சுத்தமாகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். இன்னொரு பந்து. நிற்க வேண்டும், நின்றால் போதும். ஓடிவருகிறாள். இந்த முறை பந்து தெரிந்தது. கையை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்தது, தையல் சாய்ந்து, காலைப் பார்த்து வருகிறது, அட, தெரிகிறதே என்று நினைத்தேன், நினைத்ததில் நேரம் போய்விட்டது, மட்டை சுற்றி வந்தபோது அங்கே பந்து இல்லை. லெக் ஸ்டம்பை நூல் இடைவெளியில் தாண்டியது. நான் திரும்பினேன். தாண்டிய பிறகுதான் அது வளைந்தது. முதலில் நேராகப் போய், மிருணாள் நேராகப் பாய்ந்து, கடைசி இரண்டு அடியில் பந்து வெளியே நழுவியது. கிளவுஸின் விரல் நுனியில் பட்டது. எனக்குள் கை இடது பக்கம் போய்விட்டது, மட்டையைப் பிடித்திருந்த இடது கை உண்மையிலேயே மட்டையை விட்டுவிட்டுத் தரையை நோக்கிப் போனது, உள்ளங்கை திறந்திருந்தது. மிருணாளுக்குப் பின்னால் ஆள் இல்லை. பந்து உருண்டு எல்லைக் கயிற்றைத் தாண்டியது. அம்பயர் உள்ளங்கையை உயர்த்தினார். பை, மட்டையிலும் படவில்லை, உடம்பிலும் படவில்லை, நாலு ரன். பிருந்தா என்னைத் தூக்கிவிட்டாள், நிவேதா ஓடிவருகிறாள், ஹர்ஷினி ஓடிவருகிறாள், யாரோ என் ஹெல்மெட்டில் அடிக்கிறார்கள், தமயந்தி மேடம் அழுகிறார். "நான் அடிக்கல" என்றேன். "நான் அடிக்கல, விடுங்க, நான் அடிக்கவே இல்ல." யாருக்கும் கேட்கவில்லை. ஜெயித்திருக்கிறோம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என்ன வருகிறது எனக்குள்? அந்தப் பந்தை நான் பிடித்திருப்பேன். நான் பின்னால் நின்றிருந்தால் இந்த மாட்சில் நாங்கள் ஜெயித்திருக்க மாட்டோம். இதை யாரிடம் சொல்வது. மிருணாள் விழுந்த இடத்திலேயே முழங்காலிட்டுக் கிடக்கிறாள். அவர்கள் கேப்டன் அவளைக் கடந்து போகிறாள், நிற்காமல் போகிறாள். சுலபமான பந்தைக் கோட்டை விட்டாள் என்று இந்த மைதானத்தில் எல்லாரும் நினைக்கிறார்கள். அது சுலபமான பந்து இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு போனேன். அவள் முன்னால் உட்கார்ந்தேன், பேடு மடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் கிளவுஸுக்குள் முகத்தை வைத்திருந்தாள். "அது கடைசியிலதான் வளைஞ்சுது" என்றேன். நிமிர்ந்தாள். தமிழ் அவளுக்கு எப்படிப் புரியும். கிளவுஸைக் கழற்றி வெறும் கையைப் பந்தாக வைத்துக் காட்டினேன், நேராக வந்து, ஸ்டம்பைத் தாண்டி, இங்கே வந்து, இப்படி. அவள் என் கையையே பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு ஹிந்தியில் ஏதோ கேட்டபடி தன் இடது கிளவுஸை என் கைக்கு எதிரே தரையோடு ஒட்டி வைத்து, கொஞ்சம் வெளியே நகர்த்தி, இங்கேயா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினேன். "இல்ல. இன்னும் கொஞ்சம்" என்றேன்.